பரவால்லீங்க்கா

படத்தின் வலது மூலையில் தெரிந்த அந்தச் சிவப்பு நோயா, அல்லது சீவலில் விழுந்த மடிப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கோவையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகத் திசுவை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி அனுப்புவார்கள். நாங்கள் அதன்மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவோம். புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றும் ஒளியில் தனக்கான பங்கை விழுங்கிக்கொள்ளும். மருத்துவர்கள் ஏற்கெனவே குறித்துக் கொடுத்த பழைய சீவல்களைப் பார்த்துப் பழகிய கணினி, புதிய சீவலைப் புள்ளி புள்ளியாகப் படித்து நிறம் தீட்டும். நல்லதற்குப் பச்சை, சந்தேகத்துக்குச் சிவப்பு. அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

கீழ்வீட்டு அக்காதான் பகலில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர். அவிநாசிப் பக்கத்துக்காரர். அவருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தபோது மருத்துவமனைக்கு நான் துணைக்குப் போனேன். அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை எங்கள் ஆய்வுக்குத் தர முடியுமா என்று அங்கே கேட்டார்கள். சம்மதப் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். "நீ சொன்னாச் சரி கண்ணு" என்று பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு ஒரு சிரிப்பு. "எங்க ஊட்டுக்காரரு இத்தன வருசமாப் படிக்காத நெஞ்ச உங்க மெசினு படிச்சுப்போடுமாக்கும்?"

எங்களுக்கு வருபவை எல்லாம் பெயரில்லாத எண்கள். அவருடைய படிவத்தில் எண்ணை ஒட்டியது நான் என்பதால் அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருக்கக் கூடாது.

மருத்துவமனை அறிக்கை சாதாரணக் கட்டி என்றது. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் படமும் பச்சையாகத்தான் வந்தது, வலது மூலையில் நகக்கண் அளவு சிவப்பைத் தவிர. பேராசிரியரிடம் காட்டினேன். சீவல் மடிந்தால் அந்த இடம் தடித்துவிடும், கணினி ஏமாந்துபோகும் என்றார். ஆய்வு முடிவை நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்பதையும் நினைவூட்டினார். இரண்டுமே சரிதான். வேறொரு சீவல் வெட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று மாலை மகளைக் கூட்டிவரப் போனேன். அவளுக்குத் தலை வாரிக்கொண்டே அக்கா கேட்டார்.

"ஏங்கண்ணு, என்னோட துண்டு உங்க மெசின்ல எப்படி இருந்துச்சு?"

"பரவால்லீங்க்கா."

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தைதான். சாப்பாடு நன்றாக இருந்தாலும் பரவால்லீங்க, யாராவது காலை மிதித்தாலும் பரவால்லீங்க. நான் எந்தப் பொருளில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நன்றாக இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் ஆனதும் அவர் ஸ்கேனுக்குப் போகவில்லை. அந்த மாதம் எனக்கு நினைவிருந்தது. நினைவுபடுத்தினால் ஏன் என்று கேட்பாரோ என்ற பயத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

அக்குளில் ஏதோ நெருடுகிறது என்று அவரே சொன்னபோது ஓராண்டு கடந்திருந்தது. இந்த முறை அறிக்கையில் புற்றுநோய் என்று இருந்தது. நான் ஓடிப்போய்ப் பழைய படத்தைத் திறந்தேன். அதே மூலை. மடிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வேறு சீவல் கேட்டேன். மெழுகுக் கட்டியில் அந்தப் பகுதி முழுவதையும் சீவித் தீர்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. முடி கொட்டிவிட்டது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "பாப்பாவ உட்டுப்போட்டுப் போ கண்ணு, எனக்கும் பொழுது போவும்" என்கிறார். விடாமல் போனால் வருத்தப்படுவார் என்று சில நாள் விட்டுவிட்டுப் போகிறேன். பார்க்க வரும் உறவினர்களிடம் என்னைக் காட்டி ஒன்று சொல்கிறார்.

"நம்ம புள்ள மெசின்லயே பாத்துச்சுங்க. அப்ப ஒன்னுமில்ல. இது புதுசா வந்ததுங்க."

அவர் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். அந்தச் சிவப்பைப் பற்றி நான் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் நம்பிக்கையோடு தருகிற மகளை ஒவ்வொரு முறையும் பொய்யோடு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இதைப் படிப்பவர்களில் நோயோடு இருப்பவர்களும், இருந்து மீண்டவர்களும் இருப்பீர்கள். அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் நான் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்களா? சொல்லத்தான் வேண்டும் என்றால் இப்போதா, மருந்து முடிந்த பிறகா? தயவுசெய்து எழுதுங்கள். பரவாயில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.