பிராசஸருக்கு விசிறியவர்கள்

மதுரையில் அப்போது கிடைத்ததிலேயே வேகமான பிராசஸர்தான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். "இது சூடாகும்மா, ஏசி ரூம் வேணும். கரண்டும் தாராளமா இழுக்கும்," என்று கடைக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழக்கரையில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிற பெண் நான் ஒருத்திதான். பெண்கள் பக்கத்துப் படத்தை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதால் அந்த வேலையெல்லாம் என்னிடம் வரும்.

அந்தச் சித்திரையில் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்காமல் அவள் வாப்பா சவுதியிலேயே இருந்துவிட்டார். அவருக்காக, வீட்டாட்கள் மட்டும் இருக்கிற மாதிரி தனியாக ஒரு படம் கேட்டிருந்தார்கள். சவுதிக்குக் கிளம்பும் அவள் அண்ணன் அதைக் கொண்டுபோக வேண்டும். அவன் கிளம்பும் நாள் அது; சாயங்காலம் அவனை ஏற்றிப்போக வேன் வந்துவிடும்.

காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் சனியன் என் உயிரை வாங்கியது. வெட்டிய துண்டுகளை ஒரே படமாகச் சேர்க்கும்போது பிராசஸர் முழுமூச்சாக உழைக்கும். சூடு ஏறியதும் பொட்டென்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனை அதற்கு நேரே திருப்பினேன். கொஞ்சம் அடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் ஃபேனும் சேர்ந்து இழுத்த இழுப்பில் இன்வர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது.

ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரிடம் போனில் யோசனை கேட்டேன். அவர், "ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்புங்க. நம்ம ஏசி ரூம்ல ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாலு வீட்டுப் பொம்பளைக என்னைய நம்பி மொகத்தக் காட்டிருக்காக. ஒங்க ஏசி ஒங்களோட இருக்கட்டும்," என்று வைத்துவிட்டேன். என்ன ஆனாலும் சரி, இதை இங்கேயேதான் முடிப்பது என்று உட்கார்ந்தேன்.

படம் என்ன ஆயிற்று என்று கேட்க வந்த கல்யாணப் பெண்ணிடமும் அவள் உம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். உம்மா போய் ஃபேனை அணைத்தார். "கரண்டு பூராம் அதுக்கே போகட்டும். விசிறி எங்கன இருக்கு?" என்றார். ஆளுக்கொரு பனையோலை விசிறியோடு இருவரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து விசிறினார்கள். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. பிராசஸரின் வேகத்தையும் நான் குறைத்து வைத்தேன். மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்ந்தால் போதும். சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்துச் சேர்த்ததில் இந்த முறை அது அணையவில்லை.

கடைசியாக, நிக்காஹ்வுக்குப் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் இடம் மட்டும் பாக்கி இருந்தது. திரையில் அவள் பதில் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா வந்துவிட மாட்டாரா என்கிற பார்வை. கண் நிறைந்திருந்தது.

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "இத மட்டும் வெட்டிருங்கக்கா. வாப்பா பாத்தா தாங்க மாட்டாக."

வெட்டினேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தபோது டிவிடி அவள் அண்ணன் கையில் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் உம்மா தனியாக வந்தார். சவுதியிலிருந்து பெண்ணின் வாப்பா போன் செய்தாராம். படம் நல்லாயிருக்கு என்றாராம். பிறகு, "எம்புள்ள என்னைய ஒரு தடவையாச்சும் தேடுச்சா?" என்று கேட்டாராம்.

சொல்லிவிட்டு உம்மா தலையைக் குனிந்துகொண்டார். வெட்டிய துண்டை நான் இன்னும் அழிக்கவில்லை.

"அடுத்து சவுதிக்கு யாரு போறாகன்னு விசாரிங்க," என்று சொல்லிக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.