எட்மண்டின் டிஸ்கோ பொத்தான்

உலகத்தில் டிஸ்கோ இசை ஏன் செத்தது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். கிழக்குத் தாம்பரத்தில் அதைக் கொன்றது எட்மண்டின் ஆள்காட்டி விரல்.

வாரத்தில் ஆறு நாள் அவர் ரயில்வே குமாஸ்தா. ஞாயிறன்று சபையில் கீபோர்டு வாசிப்பவர். அந்தக் கீபோர்டில் தாளத்துக்கென்று பதினாறு பொத்தான்கள் இருந்தன. அவர் அழுத்தியது ஒன்றைத்தான். கிறிஸ்துமஸ் கீதபவனி, ஞானஸ்நானம், அறுப்பின் பண்டிகை, எல்லாவற்றுக்கும் டிஸ்கோ. முதலில் ஜனம் சொக்கியது. பத்தாம் வருஷம் சலித்தது. கடைசியில், சாலமோன் வாத்தியாரின் அடக்க ஆராதனையில் பழக்கதோஷத்தில் விரல் அங்கேயே போனது. பெட்டியைத் தூக்கிய நால்வரும் தம்மை அறியாமல் தாளத்துக்கு அடிவைக்க, வாத்தியார் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே கல்லறைக்குப் போனார். அன்றோடு சபையில் டிஸ்கோ ஒழிந்தது.

ஆனால், பெற்ற மனம் ஆசையை விடுமா? மகன் ஷெர்வினின் திருமண வரவேற்பில் ஒரே ஒரு டிஸ்கோ வாசிக்க வேண்டும். பிள்ளைகள் ஆடுவதைக் கண்ணாரக் காண வேண்டும்.

"வேணாங்க," என்றாள் மனைவி ரத்தினபாய். "பிள்ளைக்கு ஒரு கல்யாணந்தான்."

"அதனாலதான்டி கேக்குறேன்."

ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்தில் டிஜே ஆல்வின் வேண்டாவெறுப்பாக ஐந்து நிமிடம் ஒதுக்கினான். "அங்கிள், ஃப்ளோர் காலியாச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

எட்மண்ட் தொடங்கினார். சபையார் முகமெல்லாம் வெளிறியது. பாடகர் குழுத் தலைவர் லாசரஸ் எழுந்தார். "சாப்பாடு ஆறிடப் போவுது, வாங்கப்பா!"

முந்நூறு பேர் கீழே பந்திக்கு இறங்கினார்கள். மாப்பிள்ளை ஷெர்வினே யாரையோ வழியனுப்பும் சாக்கில் நழுவினான். மிஞ்சியவள் மருமகள் ஜெனி மட்டும். கனத்த பட்டுப்புடவையில், சிரிப்பு மாறாமல், இரண்டடி இடம், இரண்டடி வலம். வழிந்த வியர்வையில் கண்மை கரைந்துகொண்டிருந்தது.

எட்மண்ட் அதைக் கண்டார். கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க? நான் ஆடிட்டுதானே இருக்கேன்?"

"ஆடலம்மா. பொறுத்துக்கிட்டு இருக்க." திரும்பினார். "ஆல்வின், உன் பாட்டைப் போடுப்பா."

குத்துப்பாட்டு அதிர்ந்தது. பந்தியில் இருந்தவர்கள் பாதி பிரியாணியில் எழுந்து, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் மேலே ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் லாசரஸ். எங்கிருந்தோ முளைத்த ஷெர்வின், ஜெனியின் கையைப் பிடித்துச் சுழற்றினான்.

ரத்தினபாய் கணவரின் தோளைத் தொட்டாள். "வருத்தமா இருக்குதாங்க?"

"பிள்ளைங்க ஆடுறதைப் பாக்கணும்னுதான் ஜெபம் பண்ணேன்." எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கர்த்தர் பாட்டை மட்டும் மாத்திட்டாரு."