வாசலில் சொட்டிய தீர்த்தம்

திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மூன்றாம் மாடியில், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் டெபோரா பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தாள். சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவள். கை கழுவாதவரை உள்ளே விடாமல் இருப்பதுதான் அவள் வேலை. மலையிறங்கி நேராக வந்து நிற்கும் சனங்களிடம் இருபது விநாடி தேயுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "கோவிந்தா, கோவிந்தான்னு மெதுவா பத்து தடவை சொல்லிக்கினே தேயுங்க" என்பாள். சேதி சித்தூர் வரை போய், சபை மூப்பர் அசரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நிறுத்தி விசாரித்தார். "சொல்றது அவங்க, அண்ணா. நான் எண்ணிக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

போன வருடம் மருத்துவமனைக்கு நவீனமாக வேண்டும் என்ற ஆசை வந்தது. வாசலில் ஒரு மெஷினை மாட்டினார்கள். கையை நீட்டினால் மருந்து சொட்டும், பச்சை விளக்கு எரியும், கதவு தானாகத் திறக்கும். எத்தனை பேர் கை கழுவினார்கள் என்ற விவரம் டாக்டர் பிரேமலதாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஒரு மாதம் சோதனை. மெஷின் தேறிவிட்டால் வாசலில் ஆள் வேண்டாம், டெபோரா கீழே சலவைப் பகுதிக்குப் போக வேண்டும். அந்த மாதம் முழுவதும் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் உத்தரவு. மனிதர் குறுக்கிட்டால் சோதனை கெட்டுவிடுமாம்.

சலவைப் பகுதிக்குப் போக அவளுக்கு மனமில்லை. வேலைக்குப் பயந்தவள் அல்ல. இந்த வாசலில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் பெரிய டாக்டரும் திரும்பி வந்து கை கழுவுவார். வேறெங்கும் அவள் பேச்சுக்கு அந்த மதிப்பு கிடையாது, வீட்டையும் சேர்த்துத்தான்.

முதல் நாளே கூத்து நடந்தது. மெஷினை மாட்டியிருந்தது பெருமாள் படத்துக்கு நேர் கீழே. மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒருவர் வந்து படத்தைக் கும்பிட்டார், வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். சொட்டியதை வாயில் விட்டுக்கொண்டு மிச்சத்தைத் தலையில் தடவினார். முகம் கோணியது. இருந்தாலும் தீர்த்தத்தைத் துப்ப முடியுமா? விழுங்கினார். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, கை கழுவியவர்களில் ஒருவராக அவரும் பதிவானார். உள்ளே நர்ஸ் லீனா பார்த்துவிட்டதால் அவரைக் குழாயடிக்கு அனுப்பினாள். டெபோரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மெஷின் ஒரு மாதம் தாங்காது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் சிரஞ்சீவி வந்தான். ஏர்பேட்டில் கூலி வேலை செய்பவன். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவன் குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அவனும் தீர்த்தம் வாங்கினான், தலையில் தடவினான். கதவு திறந்தது. லீனா வேறொரு குழந்தையிடம் குனிந்திருந்தாள். டெபோரா ஒரு மூச்சு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு எழுந்து ஓடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நில்லு நைனா. அது தீர்த்தம் இல்ல, கையி கழுவுற மருந்து."

"சாமி படத்துக்குக் கீழ இருக்குதேம்மா" என்றான் அவன், பாவமாக.

அன்று மதியம் மெஷினைப் பார்க்க பூவராகவன் வந்தார். கம்பெனியின் டெக்னீசியன், நாகலாபுரத்துக்காரர். டெபோரா நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கோயில் தெருவுலயே பொறந்தவன் நான். எனக்கு இது தோணவே இல்லியே அக்கா. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கழட்டிக்கினு போக வேண்டிதுதான்."

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும்தான் பார்த்தாள்.

"ஒத்தை கையி நீட்டினா சொட்டக்கூடாது சார்" என்றாள் கடைசியில். "இந்தக் கையி ஒரு பக்கம், அந்தக் கையி ஒரு பக்கம் வெச்சாத்தான் சொட்டணும். அப்பிடி யாரும் தீர்த்தம் வாங்க மாட்டாங்க. தேச்சி முடிக்கிற வரிக்கும் கதவும் தொறக்கக்கூடாது."

இரண்டே நாளில் அப்படியே மாற்றிவிட்டார். அதன் பிறகு ஒருவரும் குடிக்கவில்லை. டெபோரா எழுந்திருக்க வேண்டிய தேவையும் வரவில்லை. மாதம் முடிந்தது, மெஷின் தேறியது. டாக்டர் பிரேமலதா அவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து சலவைப் பகுதி என்று தன்மையாகவே சொன்னார்.

சோதனை முடிவுக்காக வந்திருந்த பூவராகவன் லிஃப்ட் வரை கூடவே வந்தார்.

"நீங்க சும்மா இருந்திருந்தா இத நான் அன்னிக்கே கழட்டியிருப்பேன் அக்கா."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உள்ள படுத்துக்கினு இருக்குதுங்களே, அதுங்க இன்னா சார் பண்ணுச்சி?"

பேச்சு திடமாகத்தான் வந்தது. லிஃப்ட் கதவு மூடிய பிறகு அழுதாள். கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது, அழுக்குத் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றாள். டெபோரா தள்ளி நின்றாள்.