பூட்டோடு போன சைக்கிள்

தாணுலிங்கத்துக்குத் தொண்டைதான் சொத்து. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்த வயதில், அவன் கண்மாயின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் போகிற ஆடு நின்று திரும்பும் என்பார்கள். அந்தத் தொண்டைதான் அவனைத் தூத்துக்குடிக்கு இழுத்துவந்தது. புதுத் துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சிக்னல்மேன் வேலை. கப்பலின் மேல்தட்டில், சரக்கு அறையின் வாய் ஓரமாக நிற்க வேண்டும். பாரம் தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவனுக்குக் கை காட்ட வேண்டும். மூட்டைக்கட்டு இறங்கும்போது, கீழே நிற்கிறவர்கள் விலக, "ஒதுங்குங்கலே!" என்று கத்த வேண்டும். மூன்று வருடமாக அந்தக் கையும் வாயும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததில்லை.

பிரிந்தது ஒரே ஒரு நாள். மாசிக் காற்றில் பீடி பற்றவில்லை. இறக்கு என்று கை காட்டிவிட்டு, அப்படியே குனிந்து, மூன்றாவது குச்சியை உரசினான். பீடி பற்றிக்கொண்டது. கீழே சரக்கு அறையில் முதுகு காட்டி நின்ற சுமைக்காரன் முப்பிடாதிக்கு, இறங்கிய மூட்டைக்கட்டு நசுக்கி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

துறைமுகத்து ஆபீசிலிருந்து வந்து விசாரித்தவர் கேட்டார்: "சத்தம் குடுத்தியா?"

"குடுத்தேன்யா. அவனுக்குக் காது கேக்கல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகவே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்து நின்றது. தாணுலிங்கத்தின் தொண்டையைத் தெரிந்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்கள். முப்பிடாதியைச் செவிடன் என்று வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், முப்பிடாதி பிழைப்பானோ மாட்டானோ என்ற பயத்தில், "இவன் உசுரு பொழைச்சா செந்தூருக்கு வாய்ப்பூட்டுப் போட்டு சைக்கிள்லயே வாரேன், முருகா!" என்று தாணுலிங்கம் அலறினான். அந்தக் குரலுக்கு மெதுவாக அலறத் தெரியாது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. கூட்டாளிக்காக வாயைக் கட்டுகிற மனுசன் என்று அன்றைக்கே பேர் கிளம்பிவிட்டது. அந்தப் பேரை எடுத்து எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள் விடியலில், ஊர்க் கோயிலில் வைத்து இரண்டு உதட்டையும் கோத்து மெல்லிய வெள்ளிக் கம்பி போட்டார்கள். நுனியில் புளியங்கொட்டை அளவு பூட்டு. சாவியை மஞ்சள் துணியில் முடிந்து, மயிற்பீலி செருகிய ஹேண்டில்பாரில் கட்டினார்கள். செந்தூரில்தான் அது அவிழ வேண்டும். பின்னால் இன்னொரு சைக்கிளில் பெண்டாட்டியின் தம்பி மாசானம் வந்தான். பூட்டிய வாய்க்கும் சேர்த்து அவன் பேசினான்.

"கூட வேல பாக்கவனுக்காகங்க! சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

டீக்கடைக்கு டீக்கடை இதே பாட்டு. முத்தையாபுரத்தில் லோடு ஏற்றுகிறவர்கள் லாரியை நிறுத்திவிட்டு வந்து சாலையிலேயே காலில் விழுந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர்களும் இருந்தார்கள். எழுந்திருங்கள் என்று சொல்லவும் வாய் இல்லை. அவர்கள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் பெடலை மிதித்தான்.

பழையகாயல் உப்பளத்து வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே மீன் கூடையோடு வந்த அந்தோணியம்மாள் என்கிற கடலோரத்துக்காரி நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ ராசா, பேசாத ஆம்பளைய இன்னைக்குத்தாம்பா பாக்கேன். எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு மாட்டிவிட்டா ஒனக்கு மெழுகுவத்தி பொருத்துவேன்."

"யெக்கா, கேலி பண்ணாதீக. சாமி காரியம்" என்று மாசானம் முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டான். கேட்டு முடித்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். தன் செம்பிலிருந்த தண்ணீரில் அவன் துண்டை நனைத்து உதட்டோரம் பிடித்தாள். "மாதாவே, இப்படி ஒரு நல்ல மனசா" என்றாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிற்று. அவனுக்கு அது உப்புக் கரித்தது.

ஆற்றுப் பாலம் தாண்டி ஆத்தூருக்குள் நுழைகையில் மாசானம் பக்கத்தில் வந்து சிரித்தான்.

"அத்தான், ஒரு சங்கதிய ஒளிச்சு வச்சிருந்தேன். முப்பிடாதி அண்ணன் இப்ப இங்கனதான் இருக்காவ, பொண்டாட்டி ஊர்ல. நாம வாரோம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

தாணுலிங்கம் பிரேக்கைப் பிடித்தான். அதற்குள் தண்ணீர்ப்பந்தலிலிருந்து சங்கரம்மாள் பித்தளைக் குடத்தோடு ஓடிவந்துவிட்டாள். முப்பிடாதியின் மனைவி. மஞ்சள் கரைத்த தண்ணீரை அவன் காலில் ஊற்றி, விரல் விரலாகக் கழுவி, அந்த ஈரத்தைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டு மனுசனுக்காக வாய அடைச்சிட்டு வாராவளே. நான் என்ன செஞ்சு தீக்கப் போறேன்!"

காலைப் பின்னால் இழுத்தான். அவள் அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

பந்தலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்து முப்பிடாதி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊன்றுகட்டை. தூணில் ஒரு தொட்டில்.

"ஏங்க! யாரு வந்திருக்காவன்னு பாருங்க!" சங்கரம்மாள் அவன் காதருகே குனிந்து கத்தினாள். மாசானமும் மறுகாதில் கத்தினான். முப்பிடாதி இரண்டு பேரையும் பொறுத்துக்கொண்டு, கை கூப்பினான்.

"அண்ணாச்சி கத்துனா ஊருக்கே கேக்கும். எனக்குக் கேக்கலியே! பொறவுதான் யோசிச்சுப் பாத்தேன். சின்னதுலயே இந்தக் காது மந்தம்தான் போல."

"டாக்டரு ஒண்ணுமில்லங்காரு" என்றாள் சங்கரம்மாள். "இவிய நம்ப மாட்டேங்காவ. நான் இவியள ரோட்டுப் பக்கம் விடுததில்ல. பிள்ளைய இவிய கையில குடுத்துட்டு ஆத்துக்குப் போவப் பயமா இருக்கு. அழுதா கேக்கணுமில்லா? அண்ணாச்சி, ஒங்க கையால இவிய காதுல திருநீறு போடுங்க. நீங்க போட்டாத் தெறக்கும்."

தட்டை நீட்டினாள். தாணுலிங்கம் ஒரு சிட்டிகை எடுத்தான். அப்போது தொட்டிலில் குழந்தை சிணுங்கியது, பூனை சிணுங்குகிற அளவுக்குத்தான். முப்பிடாதியின் விரல்கள் வெற்றிலைமேல் ஒரு கணம் நின்றன. பிறகு, நின்றது தப்பு என்பதுபோல் மறுபடி அடுக்க ஆரம்பித்தன.

திருநீறு தாணுலிங்கத்தின் விரலிடுக்கில் உதிர்ந்துபோயிற்று. அவன் தட்டைத் தள்ளிவிட்டு சைக்கிளுக்கு நடந்தான். மஞ்சள் துணியைப் பல்லால் இழுக்க முடியவில்லை, நகத்தால் பிய்த்தான்.

"ஏ அத்தான், கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" மாசானம் பாய்ந்து கையைப் பிடித்தான். "செந்தூர் இன்னும் பன்னெண்டு மைலு. இங்கனயே தெறந்தா சாமி குத்தம்! வீட்டுக்கு ஆகாது!"

கையை உதறினான். பூட்டு ஒரு சின்ன சத்தத்தோடு திறந்தது. கம்பியை உருவியபோது ரத்தம் தாடையில் இறங்கியது.

முப்பிடாதியின் முகத்துக்கு எதிரே போய் நிற்கக் கால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றான். ஊரையே திருப்புகிற அந்தக் குரலைத் தேடினான், கிடைக்கவில்லை. கிடைத்தது காற்று மாதிரி ஒன்றுதான்.

"நான் கத்தல."

வெற்றிலை அடுக்கிய கை நின்றது.

"பீடி பத்த வச்சிட்டிருந்தேன். வாயவே தொறக்கல. ஒனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, முப்பிடாதி."

முப்பிடாதி திரும்பினான். கையிலிருந்த வெற்றிலைகளைக் கீழே வைத்தான். யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்:

"மூணு மாசமா எம்மவ அழுதது கேட்டுச்சு அண்ணாச்சி. கேட்டும், நமக்குத்தான் கேக்காதே, இது வெறும் பிரமைன்னு திரும்பாம இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். கட்டையை எடுத்து அடித்திருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கியிருக்கலாம். அவன் கட்டையை எடுத்தது தொட்டிலுக்குப் போக. ஒற்றைக் காலில் நின்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதன் வாயைத் தன் காதோடு வைத்துக்கொண்டான்.

சங்கரம்மாள் வெறுங்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஒங்க கால்ல ஊத்துன தண்ணிய நான் எங்க போயி அள்ள?"

தாணுலிங்கம் காலைப் பார்த்தான். விரல் நகங்களில் மஞ்சள் இன்னும் காயவில்லை.

"எங்ககிட்ட வந்து சொல்லி என்ன ஆவும்? அங்க எழுதுனாவள்லா, அவியகிட்டப் போய்ச் சொல்லும். இம்புட்டு மெதுவா இல்ல. அன்னைக்கு ஆசுபத்திரியில கத்துனீரே, அப்படி" என்றாள். அண்ணாச்சி என்ற சொல் அவள் வாயிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

மாசானம் செந்தூர்ப் பக்கமாகவே சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தான். தாணுலிங்கம் தன்னுடையதை வடக்கே திருப்பினான். மாசானம் கூப்பிடவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை.

பாலத்தில் எதிரே காவடிக் கூட்டம் வந்தது. மயிற்பீலியையும் உதட்டு ரத்தத்தையும் பார்த்தவர்கள் நின்று வழிவிட்டு, கை கூப்பி, "அரோகரா!" என்றார்கள். திருப்பிச் சொல்ல இப்போது வாய் இருந்தது. அவன் பீலியை உருவி ஆற்றில் விடப் போனான். அதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றவே, சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து மிதித்தான். துறைமுகத்து ஆபீசைச் சாத்துவதற்குள் போய்விட வேண்டும்.