நேரம் போட்டவள்

இது நடந்தது. கட்டிச் சொல்கிற கதையாக இருந்தால் யுவனேஸ்வரிக்கு ஒரு நல்ல முடிவு வைத்திருக்கலாம். அந்த வசதி இங்கே இல்லை. தேதி, மணி, நிமிடம் எல்லாம் அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். நொடியும் இருக்கிறது. நொடி எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

யுவாவுக்குப் பதினேழு வயது. மலாய் நாட்டு மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் அம்மா சரோஜாவோடு இருக்கிறாள். அம்மாவுக்குத் தோட்டத்து பேக்டரியில் வேலை. யுவா மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. வந்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு வரவுமில்லை. இப்போது திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்துக் கொட்டகையில் செவ்வந்தி வெட்டிக் கட்டுகிறாள். இடது கட்டைவிரலில் கத்தரிக்கோல் கிழித்த தழும்பு ஒன்று, பிறை மாதிரி.

அவளுக்கென்று இருந்தது அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படங்கள் மட்டும்தான். போனில் பார்ப்பாள். ஜூலை மாதம் 'தூங்காக் கண்கள்' என்ற குழுவில் சேர்ந்தாள். தமிழ் அனிமே ரசிகர்கள் நாலாயிரம் பேர் இருக்கிற குழு. அதற்குள் ஆறே பேர் கொண்ட வேலைக் குழு ஒன்று உண்டு. ஜப்பான் படங்களுக்குத் தமிழ் வசனம் போடுகிறவர்கள் இவர்கள். யுவா மலாய் வசனத்தைப் பார்த்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் நோட்டில் எழுதுவாள். கம்ப்யூட்டர் கிடையாது. இடது கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்து, வலது கையால் போனில் படம் எடுத்து அனுப்புவாள். எல்லாப் படத்திலும் அந்தக் கட்டைவிரல் விழுந்துவிடும்.

குழுவில் அவள் வைத்துக்கொண்ட பேர் மழைத்தவளை. ஆனால் அட்மின் திருமாறன் கூப்பிடுவது வேறு மாதிரி.

"கட்டைவிரல் மேடம், பக்கம் அனுப்பியாச்சா? நகத்த வெட்டிட்டு அனுப்புலா."

எல்லோரும் சிரிப்புப் படம் போடுவார்கள். யுவாவும் ஒன்று போடுவாள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த படம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. அதில் ஒரு பெண் தனியாக இருப்பாள். வாரம் ஒரு கப்பல் வரும். மொத்தம் பன்னிரண்டு எபிசோட்.

"நான் மூணாவது எபிசோட்லயே சொன்னேன்லா, அந்தப் பொண்ணு எப்பவோ செத்துட்டா," என்று ஈப்போவிலிருந்து அகிலன் எழுதுவான்.

"நீ எல்லா படத்துலயும் ஹீரோயின சாவடிப்படா," என்பார் திருமாறன்.

"செத்தா என்னண்ணே? வேல பழகிடுச்சுனா கை தானா செய்யும்."

யுவா எழுதிய தமிழ் தோட்டத்துத் தமிழ். "சாப்டியாலா" என்று அவள் எழுதினால் திருமாறன், "இது என்ன எஸ்டேட் படமா?" என்று வெட்டச் சொல்வார். ஆனால் பைல் திரும்பி வரும்போது அந்த வரி அப்படியே இருக்கும். காரணம், ஆறாவது ஆள். 'குளிர்' என்ற பேரில் இருந்த அந்த ஆள்தான் யுவாவின் பக்கங்களைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியும் திரையில் எந்த நொடியில் வர வேண்டும் என்று நேரம் போடுகிறவர். அரட்டைக்கு வருவதில்லை. பைலை அனுப்பி, கீழே ஒரே வார்த்தை எழுதுவார்.

"சரி."

யுவாவின் எழுத்துக்கு யாரும் அதுவரை சரி சொன்னதில்லை.

திருமாறன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "பன்னெண்டும் முடி. கடைசி எபிசோட்ல உன் பேரப் போடுறேன். ப்ராமிஸ்." அதற்காகத்தான் அவள் எழுதினாள். அவள் பேர் அதுவரை எழுத்தில் வந்தது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும். அதிலும் கோடு அடித்துவிட்டார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வாள். தமிழாக்கம்: யுவனேஸ்வரி. உண்மைப் பேரைக் குழுவில் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டாவது வரட்டும் என்று வைத்திருந்தாள்.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. ஒன்பதாவது எபிசோட். மாலை 4:20க்குப் பக்கங்களை அனுப்பினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. தட்டச்சு செய்து நேரம் போட எப்படியும் ராத்திரி ஆகும்.

4:31க்குப் பைல் வந்துவிட்டது. "சரி."

பதினோரு நிமிடம். ஆள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 6, பத்தாவது எபிசோட். கப்பலில் போகிறவனிடம் அந்தப் பெண் சொல்கிற வரி ஒன்று. யுவா முதலில், "என்னயப் பாத்துகிட்டு உக்காந்திருக்காத" என்று எழுதினாள். திருமாறன் சிரிப்பார் என்று பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். புதுப் பக்கத்தில், "எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று எழுதி அனுப்பினாள்.

திரும்பி வந்த பைலில் 00:21:08 இல் இருந்தது…

என்னயப் பாத்துகிட்டு உக்காந்திருக்காத.

அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த வரி எதிலும் இல்லை. அடுப்பில் சாம்பல்தான் இருந்தது.

டிசம்பர் 13, பதினொன்றாவது. படம் 23 நிமிடம் 40 நொடியில் முடிகிறது. பைலில் அதற்குப் பிறகும் ஒரு வரி இருந்தது. முன்னால் போட்டிருந்த நேரம் 19:04:10. பத்தொன்பது மணி நேரம் ஓடுகிற படம் ஏது? வரி இதுதான்:

யுவா, கதவத் தொறடி. கை ரெண்டும் நனஞ்சு போச்சு.

யுவா என்ற பேர் அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. 19:04 என்றால் கடிகாரத்தில் ராத்திரி 7:04. போன் கடிகாரத்தில் நொடியைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழை. ஏழு மணி. ஏழு இரண்டு. ஏழு நான்கு… எட்டு, ஒன்பது, பத்து.

"யுவா, கதவத் தொறடி! கை ரெண்டும் நனஞ்சு போச்சு."

அம்மாதான். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்து, "என்னடி, பேயடிச்ச மாரி நிக்குற? பையப் புடி," என்றாள்.

யுவா பையைப் பிடித்தாள். யாரிடம் என்னவென்று சொல்வது? குழுவில் சொன்னால் சிரிப்பார்கள். விலகிவிடலாம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஒரு எபிசோட் முடித்தால் பேர்.

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. 6:31க்குக் கடைசிப் பக்கங்களை அனுப்பினாள். 6:40க்கு அம்மா குடையை எடுத்தாள். "கோயிலுக்கு வரியாடி? எந்நேரமும் போனு, நோட்டு."

"வரலம்மா. நீ போ."

6:52க்குப் பைல் வந்தது. "சரி." திறந்து நேராகக் கடைசிக்குப் போனாள். படம் முடிந்த பிறகு ஆறு வரிகள்.

19:08:20 [மழை நிற்கிறது]
19:09:00 [விளக்கு அணைகிறது]
19:11:30 [கதவு, மூன்று முறை]
19:12:05 [மூச்சு]
19:14:10 திரும்பாத.
19:15:00 தமிழாக்கம்: யுவனேஸ்வரி. நேரம்: குமுதா.

குமுதா… அப்படி யாரையும் அவளுக்குத் தெரியாது.

கோயிலுக்கு ஓடிவிடலாம் என்று வாசலைத் திறந்தாள். வெளியே மழை, மூடுபனி. பக்கத்து வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. படி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேசையில் நோட்டைத் திறந்து வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

7:08:20. தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த மழை நின்றது. படிப்படியாக இல்லை. யாரோ குழாயை மூடியதுபோல.

7:09:00. விளக்கு போனது.

போன் வெளிச்சத்தில் நோட்டு மட்டும் தெரிந்தது. அவளுடைய பேர் எழுதிய கடைசிப் பக்கம்.

7:11:30.

டொக்.

டொக்.

டொக்.

வாசல் கதவு இல்லை.

சமையலறைக் கதவு… உள்பக்கத்திலிருந்து.

மூச்சு வந்தது. முதலில் தூரத்தில். பிறகு தோளுக்குப் பக்கத்தில். ஈரத் துணி வாடை. பெட்ரோல் வாடை.

யுவாவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாத."

ஒரு பெண்ணின் குரல். சின்ன வயது. கோபமில்லை. வேலை முடிந்து வந்தவள் மாதிரி களைத்த குரல்.

யுவா திரும்பவில்லை.

நோட்டின் வலது பக்கம் மெல்ல அமுங்கியது.

யாரோ பிடித்துக்கொண்டதுபோல.

7:15:00.

விளக்கு வந்தது. மழை மறுபடி கொட்டியது. பின்னால் யாருமில்லை. வலது பக்கத்து ஓரத்தில் ஈரமான கட்டைவிரல் தடம் ஒன்று. அம்மா வருவதற்குள் அது காய்ந்துவிட்டது.

அன்றிரவே திருமாறனுக்கு எழுதினாள். வாழ்நாளில் அவள் யாரிடமும் கேட்டு எழுதிய முதல் செய்தி அது. "அண்ணே, ப்ராமிஸ் பண்ணீங்க. பேரு ரெண்டையும் போடுங்க. தமிழாக்கம்: யுவனேஸ்வரி. நேரம்: குமுதா."

பதிலுக்குச் சிரிப்புப் படம் வந்தது. "பேரா? அடுத்த சீரிஸ்ல பாப்போம்லா. கட்டைவிரல்னு போட்டா போதுமா?" அதற்குப் பிறகுதான் இரண்டாவது பேர் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

மறுநாள் காலை 10:05க்குப் பூக் கொட்டகையில் தேநீர் நேரம். திருமாறன் போனில் கூப்பிட்டார். அவருடைய குரலை யுவா கேட்பது அதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னா உனக்கு?"

"என்னதுண்ணே?"

"குமுதாங்கற பேரு."

"பைல்ல இருந்துச்சு."

"வெளயாடாத."

"நிசமா, அண்ணே. குளிர் அனுப்புன பைல்ல."

"குளிர்தான் குமுதா. கம்போங் ராஜா ஊர்ப் பொண்ணு. மோட்டார்ல போயி, மூடுபனில லோரி அடிச்சு… செத்துப் போச்சு. பிப்ரவரில."

யுவா குழுவில் சேர்ந்தது ஜூலையில்.

"அப்ப பைல யாருண்ணே அனுப்புறா?"

"தெரியாது."

"நீங்க கேக்கலியா?"

"வந்துகிட்டே இருந்துச்சுலா. நேரத்துக்கு வந்துச்சு. கேட்டு, நின்னுட்டா? வேற யாரு செய்வா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீயும் கேட்டுகிட்டு இருக்காத. அடுத்த சீரிஸ் ஜனவரில."

அவள் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குமுதாவின் கருமாதி அறிவிப்பை அனுப்பி வைத்தார். ஈப்போவில் நடந்த ரசிகர் சந்திப்பில் எடுத்த படத்தை அதில் வெட்டிப் போட்டிருந்தார்கள். பத்தொன்பது வயது. சிரித்துக்கொண்டு வலது கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். நகத்தில் கறுப்புச் சாயம், பாதி உரிந்தது.

குழுவுக்காக இரண்டு வருடம் உழைத்தவள். அவள் பேரும் எதிலும் வந்ததில்லை.

கடைசி எபிசோட் அன்று மாலை வெளியானது. யுவா முடிவுவரை பார்த்தாள். 'தமிழாக்கம், நேரம்: தூங்காக் கண்கள் குழு' என்று இருந்தது. மற்ற ஐந்து வரிகளோடு அந்த ஆறாவதையும் திருமாறன் வெட்டியிருந்தார்.

அவள் அழவில்லை. போனிலிருந்து குழு இருந்த ஆப்பை அழித்தாள். நோட்டுகளை அரிசிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

இது நடந்து ஒரு மாதம் கழித்து, ஜனவரி 25 அன்று, அகிலன் அவள் நம்பருக்குச் செய்தி அனுப்பினான்.

"தவளை, புது சீரிஸ் மூணாவது எபிசோட் செம்மலா. முன்னவிட ஒன் தமிழ் நல்லாருக்கு. ஆனா ஏன் இப்பல்லாம் பேசவே மாட்டேங்குற? பக்கத்த அனுப்புற, கீழ 'சரி'னு ஒத்த வார்த்த. அவ்ளோதான்."

"நான் அனுப்பல," என்று யுவா எழுதினாள்.

"சும்மா வெளயாடாத. ஒன் கட்டைவிரல எனக்குத் தெரியாதா?"

படத்தை அனுப்பினான். முந்தின நாள் மாலை 7:15க்கு வேலைக் குழுவுக்கு வந்த படம்.

அவளுடைய நோட்டு. அவளுடைய கையெழுத்து. அவள் எழுதாத வரிகள்.

இடது பக்கத்தை ஒரு கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. பிறை மாதிரித் தழும்பு.

வலது பக்கத்தையும் ஒரு கட்டைவிரல் பிடித்திருந்தது.

கறுப்பு நகம். பாதி உரிந்தது.

கட்டிலுக்கு அடியில் சாக்கு கட்டியபடியே கிடக்கிறது. யுவா அதை அவிழ்க்கவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு. மூன்று வாரமாக அந்தப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டு கையும் நோட்டின் மேல் இருந்தால், போனைப் பிடித்திருப்பது யார் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பக்கம் நேரத்துக்கு வந்துவிடுகிறது. அது போதும் அவர்களுக்கு.