எடப்பாடியில் நின்ற ஆறு கட்டுகள்

நான் சேலத்தில் ஒரு பாடநூல் பதிப்பகத்தின் விற்பனையாளன். சென்ற ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. நர்சிங் பாடநூலின் புதிய பதிப்பில் முதல் ஆறு கட்டுகளை ராசிபுரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் பார்சலில் அனுப்பினேன். செவ்வாய் போய்ச் சேரவில்லை. புதனும் இல்லை. அந்தக் கல்லூரி எங்கள் புத்தகத்தை ஏற்க மூன்று வருடம் நடந்திருக்கிறேன். மேலாளர் போனில் சொன்னார்: "வெள்ளிக்குள்ள கட்டு போய்ச் சேரலன்னா, ராஜினாமாவோட வாங்க."

மூன்று நாளும் காலையில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் நின்றேன். கட்டு போய்ச் சேர வேண்டுமென்று அழுதேன். பதில் இல்லை. புதன்கிழமை டைரியில் எழுதினேன்: "இவளுக்குக் காது கேட்காது."

வியாழன் பகல் 1.15. சாப்பிட வீட்டுக்குப் போனபோது அந்தப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி பையில் இருந்தது. என் மனைவி மருத்துவமனை நர்ஸ். சும்மா புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, பச்சக் கொழந்தைக்கு இந்த மருந்து அரை மில்லிதானுங்க. அஞ்சுன்னு போட்டிருக்குது. இதப் படிச்சிட்டு ஒருத்தி ஊசி போட்டா?"

.5 என்பதில் புள்ளி விடுபட்டு 5 ஆகியிருந்தது. விற்பனைக்காரர்கள் நாங்கள் அட்டை, விலை, பக்க எண் பார்ப்போம். உள்ளே படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

மேலாளரை அழைத்துப் பிழையைச் சொன்னேன். "திருத்தச் சீட்டு அப்புறம் அனுப்பலாம். கட்டு கெடச்சா நேரா காலேஜுக்குப் போகட்டும். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றார்.

"முடியாதுங்க சார்."

"வேல வேண்டாமா?"

"புத்தகம் போகாதுங்க சார்."

வைத்துவிட்டேன். பூஜை அலமாரி முன்னால் போய்ச் சத்தமாகவே சொன்னேன்: "தாயே, மூணு நாளா கேட்டத விட்டுடு. வேலையும் போகட்டும். அந்தக் கட்டு எந்தப் பிள்ளை கைக்கும் போகக் கூடாது. என் கைக்கு வரணும்."

2.10-க்குப் போன் வந்தது. எடப்பாடி பார்சல் அலுவலகம்.

"உங்க புக்குக் கட்டு ஜவுளியோட ஜவுளியா இங்க கெடக்குதுங்க. சாக்குல எடப்பாடின்னுதான் போட்டிருக்குது. இப்பத்தான் சீட்டப் பாத்தமுங்க. மூணு மணி வண்டில ராசிபுரத்துக்கு ஏத்தி வுட்டரட்டுங்களா?"

"வேண்டாம்! நானே வாரேன்."

ஜவுளிக்கடைப் பழைய சாக்கில்தான் நாங்கள் கட்டு கட்டுவோம். அதில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் ஊர்ப்பெயர் உள்ளே போகும்படி சாக்கைத் திருப்ப வேண்டும். அன்று திருப்பவில்லை. சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நானே. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பிழை செய்ததில்லை.

ஆறு கட்டையும் டெம்போவில் ஏற்றிச் சேலம் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை ராசிபுரம் போய், கல்லூரி முதல்வர் அம்மாவிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அந்த வரியை இருமுறை படித்தார். பிறகு, "திருத்தி அச்சடிச்சுக் கொண்டாங்க. அதுவரைக்கும் காத்திருக்கோம்" என்றார். அதையே நிறுவனத்துக்கும் எழுதினார். அச்சிட்டார்கள்.

என்னை விற்பனையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். போடட்டும். என் மேசையைத் தாண்டாமல் இப்போது எந்த மருத்துவப் புத்தகமும் வெளியே போவதில்லை. அளவு அட்டவணைகளை வரிவரியாகப் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் மனைவியைக் கேட்கிறேன்.

"சாக்கத் திருப்பாம விட்டதுக்கு அம்மனா காரணம்?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கெஞ்சிய மூன்று நாளும் அவள் "இல்லை" என்றாள். "இல்லை" என்றதால் ஒரு குழந்தைக்கும் தீங்கு வரவில்லை.

அன்பர்களே, கேட்டது கிடைக்கவில்லையென்று சன்னதியை விட்டுப் போய்விடாதீர்கள். நின்று சண்டை போடுங்கள். திட்டவும் செய்யுங்கள். நான் திட்டியதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.