இருபத்தாறில் நின்ற திரை

கினிகத்தேனையில் பஸ் தேநீருக்கு நின்றிருந்தபோதுதான் ரேணுகாவின் அழைப்பு வந்தது. "செல்வி, இவர் எங்கள விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். ரேணுகா சிவநேசனின் மனைவி. காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். கையிலிருந்த தேநீரை என்ன செய்தேன் என்று நினைவில்லை. கொழும்புக்குப் போக வேண்டியவள், வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

ஹட்டனில் ஒரு சின்னக் கணினிக் கடையில் நானும் சிவநேசனும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நான் டயகம பக்கத்துத் தோட்டத்துக்காரி. ஏறக்குறைய ஒரே வயது. அவரை நல்லவர், சாந்தமானவர் என்று எழுதினால் அவரை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள். சரியான முன்கோபி. அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினால்கூட அதோடு சண்டை பிடிப்பார். "நீங்க மெஷினோட பேசுற மாதிரி மனுசரோட பேசினா ரெண்டு நாள்ல கடைய மூடிருவாங்க" என்று நான் சொல்வதுண்டு. "மனுசரோட கோவிச்சால் மறக்க மாட்டினம், மெஷின் மறந்திடும்" என்பார்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு வேலை வந்தது. கொழுந்தை உலர்த்தும் ட்ரையரின் சூட்டையும், அதற்குள் இழுக்கப்படும் வெளிக்காற்றின் சூட்டையும் கணினித் திரையில் காட்ட வேண்டும். கருவிகளோடு பேசி எண்களை வாங்கும் பகுதியை அவர் சி மொழியில் எழுதினார். அது முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடுவதால் வேகமாக ஓடும். அந்த எண்களைத் திரையில் காட்டி, வரைபடமாக அச்சிடும் பகுதியை நான் பைத்தனில் எழுதினேன். அது எழுதிய கையோடு ஓடும், நினைத்தபோது மாற்றலாம். அவருடைய பகுதி எண்களை அன்றன்றைய கோப்பில் போட்டுக்கொண்டே போகும். என்னுடையது அந்தக் கோப்பைத் திறந்து படிக்கும். கடையில் எங்களிடம் இருந்தது லினக்ஸ், தொழிற்சாலையில் விண்டோஸ். இரண்டிலும் ஓட்டிப் பார்த்தோம், ஓடியது.

அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்த தோட்டம் அது; நான் வளர்ந்ததும் அங்கே, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான். "நம்ம லயத்துப் புள்ள செஞ்ச கம்ப்யூட்டரு" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பேசிக்கொண்டார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ட்ரையரில் இருந்த பழைய வெப்பமானியைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்தே அடுப்புக்கு விறகு போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகியான துரை உத்தரவு போட்டார்.

நல்ல வெயில் அடித்த ஒரு மார்ச் மாத மதியத்தில் தேயிலை கருகிப்போனது. ட்ரையரில் நின்றவர் மாரிமுத்து அண்ணன். "மூக்குக்குக் கருகல் தெரிஞ்சுச்சுங்க தொரை. ஆனா கம்ப்யூட்டர்ல சூடு கொறவாவே நின்னுச்சு, அதான் வெறகு போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். துரை எங்கள் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் கோடு நேராக, அடக்கமாக ஓடியது. சூடு ஏறவில்லை, ஆகவே இவர் தூங்கிவிட்டார், தேயிலைத் தட்டுகள் நேரத்துக்கு எடுக்கப்படாமல் உள்ளேயே கிடந்து கருகிவிட்டன என்று முடிவு செய்து அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை புதிய கோப்பு தொடங்கியது, திரை ஒழுங்காக ஓடியது. அவர் பேச்சை நம்ப ஒருவரும் இல்லை. மூன்று பிள்ளைகள், வேலை போனால் லயத்து அறையும் போய்விடும்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோளாறு ஏதும் உண்டா என்று பார்க்க டயகம பஸ்ஸில் போகும்போது நான் சிவநேசனிடம், "நம்ம புரோகிராம்ல ஒண்ணும் இல்லீங்க. அண்ணன் தூங்கியிருப்பாரு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்கட பக்கமும் சரி, என்ர பக்கமும் சரியெண்டால் நடுவில பாருங்கோ" என்றார். அவருடைய வழக்கமே அதுதான். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'குடுத்தது' என்றும் வலப்பக்கம் 'வந்தது' என்றும் எழுதுவார். தன் பகுதி கொடுத்த எண்ணையும் என் பகுதிக்கு வந்து சேர்ந்த எண்ணையும் ஒவ்வொன்றாகக் குறிப்பார்.

அன்று மழை, நல்ல குளிர். தொழிற்சாலைத் திரை முன்னால் ஒரு மணி நேரம் பார்த்தும் இரண்டு பக்கமும் பிசகாமல் ஒத்துப்போயின. பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து போய், வெளிக்காற்றை அளக்கும் கருவியைத் தன் உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டார். நான் எண்களைச் சத்தமாகப் படித்தேன். பதினெட்டு, இருபது, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. அதற்கு மேல் திரை அசையவில்லை. கையை எடுத்தார், இறங்கவுமில்லை. ட்ரையரின் எண்ணும் நின்ற இடத்திலேயே நின்றது.

"செல்வி, என்ர பக்கம் இருபத்தாறு போயிருக்கு. உங்களுக்கு வரேல்லை."

கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்தால், விண்டோஸில் இருபத்தாறு என்ற எண் 'கோப்பு இத்தோடு முடிந்தது' என்பதற்கான பழைய அடையாளம். லினக்ஸில் அந்த வழக்கமே இல்லை. எண்கள் நிறைந்த கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்தவள் நான். ட்ரையர் சூடேறிய பிறகுதான் புரோகிராமைத் தொடங்குவார்கள், அதனால் அதன் எண் எப்போதும் இருபத்தாறுக்கு வெகு மேலே. எங்கள் குளிரில் வெளிக்காற்று இருபத்தாறைத் தொடுவதே அபூர்வம். சோதித்த நாளெல்லாம் மழை. வெயில் வந்தபோது என் பகுதி பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, கடைசியாகப் பார்த்த எண்ணையே மாலைவரை காட்டியிருக்கிறது.

கோப்பைத் திறக்கும் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். "சத்தமில்லாம மாத்திட்டுப் போயிரலாம்" என்றேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான். "அந்த மனுசன் வேலை இல்லாமல் வீட்டில இருக்கிறார்" என்றார். நேரே துரையின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பிழை எங்கட புரோகிராமில. மாரிமுத்து சொன்னது முழுக்க உண்மை."

"யார் எழுதின பகுதி?" என்று துரை கேட்டார்.

'நான் வாயைத் திறப்பதற்குள்' என்று எழுத ஆசைதான். ஆனால் நான் திறக்கவே இல்லை. "என்ர பகுதி" என்றார் சிவநேசன்.

மாரிமுத்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். சிவநேசன் இனி அந்தத் தொழிற்சாலைப் பக்கம் வரக்கூடாது என்று துரை கடைக்கு அறிவித்தார். 'தேயிலை கருக்கின சேர்' என்ற பட்டப்பெயர் ஹட்டன் பஸ் நிலையம்வரை பரவியது. யாராவது கேலி செய்தால் கூடவே சிரிப்பார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அவர் அதை ஒருமுறைகூட என்னிடம் எடுத்ததில்லை.

சாவு வீட்டிலும் ஒருவர் அந்தக் கதையைத்தான் எடுத்தார். "நல்ல மனுசன், ஒரு தடவ தேயிலயக் கருக்கினதோட சரி" என்றார். சுற்றி நின்றவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். ரேணுகாவும் லேசாகச் சிரித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் டயகம போனேன். மாரிமுத்து அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உக்காரும்மா" என்றார். "அந்த வாரமே சேர் என் லயத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டாரு. 'நெசமாவே உங்க தப்புதானா சேர்'னு கேட்டேன். அதுக்கு, 'செல்வி ஒரு நாளைக்கு வந்து சொல்லுவா. அதுவரைக்கும் நான்தான் எண்டு வையுங்கோ'ன்னாரு."

நடுவே கோடு கிழித்த அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேலையில் எதைப் பிறர் கையில் கொடுத்தாலும், அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. மழைக் குளிரில் கருவியை மூடிப்பிடித்த அந்தக் கையும் என் கண்ணில் இருக்கிறது. அவரை 'தேயிலை கருக்கின சேர்' என்று நினைவில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அது அவரில்லை. நான்தான்.